டான்டம் சூரியக் கலங்களை ஒட்டும் ஒளிபுகு மின்கடத்துப் பசை: எவ்வளவு வெள்ளித் துகள் போதும்?

கேள்வி
எழுதியவர்: மென்படலம்

வணக்கம். பெரோவ்ஸ்கைட் என்னும் ஒளி உறிஞ்சும் படிகப் பொருளாலான மேல் கலத்தையும் சிலிக்கான் கீழ்க் கலத்தையும் தனித்தனியே தயாரித்து, ஒளிபுகும் மின்கடத்துப் பசையால் ஒட்டி, இரு முனை டான்டம் கலமாக்குவது (அதாவது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரு கலங்களைத் தொடர் இணைப்பில் ஒரே கலமாக இயக்குவது) பற்றிய ஆய்வுத் திட்டம் ஒன்றை வகுத்துக்கொண்டிருக்கிறேன். தனிச் சிலிக்கான் கலத்தின் கோட்பாட்டு உச்ச வரம்பு ஏறத்தாழ 29.4 விழுக்காடு என்பதும், டான்டம் கலங்கள் அதைத் தாண்டிவிட்டன என்பதும், 2024இல் லோங்கி நிறுவனம் 34.6 விழுக்காடு வரை சான்று பெற்றது என்பதும் இங்குள்ளோர் அறிந்ததே. அத்தகைய சாதனைக் கலங்களில் பெரோவ்ஸ்கைட் படலங்கள் சிலிக்கான் மீதே நேரடியாகப் படியவைக்கப்படுகின்றன. அவ்வாறு செய்கையில் சிலிக்கானின் பிரமிடு வடிவ மேற்பரப்பைச் சீராக மூடுவது கடினமாகிறது. மேல் படலத்தில் ஒரு குறை நேர்ந்தால் நல்ல கீழ்க் கலமும் அதனுடன் வீணாகிறது. ஒட்டும் முறையில் இரண்டையும் தனித்தனியே சோதித்து, மின்னோட்டம் பொருந்துகின்ற இணைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கலாம் என்பதே என்னை ஈர்த்தது.

வெள்ளி பூசிய, 50 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள அக்ரிலிக் கோளங்களை ஒரு நெகிழ்மப் பசையில் கலந்து, இரு பக்கமும் இண்டியம் டின் ஆக்சைடு என்ற ஒளிபுகும் கடத்துப் படலம் இருக்க, வெற்றிட லேமினேட்டரில் அழுத்தி ஒட்டலாம் என எண்ணுகிறேன். பெரோவ்ஸ்கைட்டைக் காக்க வெப்பநிலையை 110 பாகை செல்சியசுக்கு மேல் உயர்த்தப்போவதில்லை. துகள்களைக் கூட்டினால் தடை குறைகிறது, ஆனால் நிழல் கூடுகிறது. குறைத்தால் நேர்மாறாகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே எங்கு நிற்பது? துகள் அளவைத் தீர்மானிக்க ஏதேனும் ஒழுங்கான கணக்கு உண்டா?

பதில் 1
எழுதியவர்: இடைமுகம்

கணக்கு உண்டு. அதற்கு முன் ஓர் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம், ஏனெனில் மின்கடத்துப் பசை என்றதும் பலரும் சாதாரண வெள்ளிப் பசையை நினைத்துக்கொள்கிறார்கள். அதில் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு இடையறாத பாதை அமைத்தால்தான் மின்சாரம் பாயும். ஒழுங்கின்றிச் சிதறிய கோளங்கள் அவ்வாறு இணைவதற்குக் கன அளவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காவது தேவைப்படும், அந்த அளவில் ஒளி புகுவதற்கு இடமே இராது. நீங்கள் சொல்லும் முறையில் பசையின் தடிமனும் கோளத்தின் விட்டமும் ஒன்றே. ஒவ்வொரு கோளமும் மேலும் கீழும் தொட்டுக்கொண்டு, தனித்தனித் தூணாகச் செங்குத்துத் திசையில் மட்டும் மின்சாரத்தைக் கடத்துகிறது. திரைகளின் விளிம்பில் மின்சுற்றுச் சில்லுகளை ஒட்டப் பயன்படும் ஒருதிசைக் கடத்துப் படலங்களும் இதே தத்துவத்தில் இயங்குபவைதான்.

எவ்வளவு தடையைத் தாங்கலாம் என்பதை முதலில் பார்ப்போம். இரு முனை டான்டம் கலத்தில் மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியர். இடைப் படலத்தின் தடை 1 ஓம் சதுர சென்டிமீட்டராக இருந்தால் இழக்கும் மின்னழுத்தம் 20 மில்லி வோல்ட் மட்டுமே. கலம் உச்சத் திறனில் 1.7 வோல்ட் அளவில் இயங்குகையில் அது ஏறத்தாழ 1.2 விழுக்காட்டு இழப்பு. தடை 0.3 ஆகக் குறைந்தால் இழப்பு 0.4 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். இது தனிச் சிலிக்கான் கலத்தைவிட டான்டம் கலத்துக்குக் கிடைத்திருக்கும் பெரிய சலுகை: மின்னோட்டம் பாதியாகவும் மின்னழுத்தம் இரட்டிப்புக்கும் மேலாகவும் இருப்பதால் ஒரே தடை இங்கே மிகக் குறைவாகவே உறுத்துகிறது.

அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் திட்டத்துக்கு மிக நெருக்கமானது. எத்திலீன் வைனைல் அசிடேட் பசையில் உலோகம் பூசிய அக்ரிலிக் கோளங்களைக் கலந்து, பரப்பில் 8 விழுக்காடு துகள் மூடியபோது 0.3 ஓம் சதுர சென்டிமீட்டரும், வெறும் 0.2 விழுக்காடு மூடியபோது 0.8 ஓம் சதுர சென்டிமீட்டரும் பெற்றார்கள். துகள்கள் 40 மடங்கு குறைந்தும் தடை மூன்று மடங்குகூட உயரவில்லை என்பதைக் கவனியுங்கள். 1 விழுக்காட்டு மூடுகையே தேவைக்குப் போதும் என்பது அவர்களின் முடிவு, எனது கணக்கும் அதையே சொல்கிறது.

அந்தக் கணக்கு இதுதான். 50 மைக்ரோமீட்டர் கோளம் ஒன்று மறைக்கும் பரப்பு ஏறத்தாழ 1,960 சதுர மைக்ரோமீட்டர். எனவே 1 விழுக்காட்டு மூடுகைக்குச் சதுர சென்டிமீட்டரில் 500 கோளங்களே தேவை, அவற்றின் சராசரி இடைவெளி 0.44 மில்லிமீட்டர். வெள்ளி ஓட்டின் உள்தடையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, 500 தூண்களும் இணையாக இருப்பதால் அது கரைந்துவிடும். எஞ்சுபவை இரண்டு. ஒன்று, மின்சாரம் கோளத்தை வந்தடைய ஆக்சைடு படலத்தின் வழியே பக்கவாட்டில் பயணிப்பதால் எழும் தடை. சதுரத்துக்கு 100 ஓம் உள்ள படலத்துக்கு இது பக்கத்துக்கு ஏறத்தாழ 0.1 ஓம் சதுர சென்டிமீட்டர். மூடுகையை 0.2 விழுக்காடாகக் குறைத்தால் 0.6 ஆக உயரும். மற்றொன்று, கோளமும் ஆக்சைடும் தொடும் இடத்தின் தொடுதடை. கோளம் சற்றே நசுங்கி 5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் தொடுகிறது என்று கொண்டால், 500 கோளங்களும் சேர்ந்து உண்மையில் தொடும் பரப்பு மொத்தப் பரப்பில் 0.04 விழுக்காடு மட்டுமே. தொடுபரப்பின் தன்தடை 10,000இல் 1 ஓம் சதுர சென்டிமீட்டர் எனில், பக்கத்துக்கு 0.25 என்று இரு பக்கமும் சேர்ந்து 0.5 ஓம் சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். தொடு வட்டத்தின் ஆரம் இரட்டித்தால் இதே எண் நான்கில் ஒன்றாகும்.

ஆகவே துகள்களை எண்ணுவதைக் காட்டிலும் ஒவ்வொரு துகளும் எவ்வளவு நன்றாகத் தொடுகிறது என்பதிலேயே உங்கள் உழைப்பைச் செலுத்துங்கள் என்பேன். 1 விழுக்காட்டில் தொடங்குங்கள். அதில் பிழை வந்தால் அது பெரும்பாலும் துகள் எண்ணிக்கையால் வந்ததாக இராது.

பதில் 2
எழுதியவர்: நெகிழ்பொருள்

மேலே எழுதியவர் தொடுபரப்பைக் குறிப்பிட்டது முற்றிலும் சரி. ஆனால் அந்தத் தொடுபரப்பு ஒட்டிய அன்று இருந்தபடியே ஆண்டுகள் கடந்தும் இருக்குமா என்பதையே இந்தத் துறையின் நடுக் கேள்வியாக நான் கருதுகிறேன். கேள்வியில் போகிறபோக்கில் சொல்லப்பட்ட 110 பாகை என்ற எண் அதனால்தான் எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது.

கோளத்தை மேல், கீழ்க் கலங்களோடு இறுக்கிப் பிடித்திருப்பது எது? லேமினேட்டரின் அழுத்தம் கதவு திறந்ததும் போய்விடுகிறது. அதன் பிறகு பிடித்திருப்பது பசையின் சுருக்கம் மட்டுமே. எத்திலீன் வைனைல் அசிடேட்டின் வெப்ப விரிவுக் குணகம் ஒரு பாகைக்குப் பத்து லட்சத்தில் 200 முதல் 300 பகுதி, அக்ரிலிக் கோளத்துக்கு ஏறத்தாழ 70 பகுதி. உயர்ந்த வெப்பநிலையில் பசை குறுக்குப்பிணைப்பு அடைந்து (அதன் மூலக்கூறு இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து) உருவம் பெற்று, பின்னர் குளிர்கையில் கோளத்தைவிட அதிகமாகச் சுருங்கி, இரு கலங்களையும் கோளத்தின் மீது இழுத்துப் பிடிக்கிறது. பசை மெல்லிய படலமாக இரு கடினத் தகடுகளுக்கிடையே சிக்கியிருப்பதால் பக்கவாட்டில் சுருங்க முடியாது. அந்தச் சுருக்கமும் செங்குத்துத் திசையிலேயே வெளிப்பட வேண்டியிருப்பதால், தடிமன் திசையில் அது தனித்திருக்கும் பசையின் சுருக்கத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. 50 மைக்ரோமீட்டர் படலம் 60 பாகை குளிர்ந்தால் பசைக்கும் கோளத்துக்கும் இடையிலான வேறுபாடு 1.5 மைக்ரோமீட்டருக்கும் மேலே போகும். 5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள தொடு வட்டத்துக்குக் கோளம் மொத்தத்தில் ஒன்று முதல் இரண்டு மைக்ரோமீட்டர் நசுங்கியிருந்தாலே போதும் என்பதோடு இதை ஒப்பிட்டால், பிடிப்பின் பெரும்பகுதி இந்தச் சுருக்கத்திலிருந்தே வருகிறது என்பது புரியும்.

சூரியத் தகடுகளுக்கான சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 61215 தரம், 85 பாகையிலும் 85 விழுக்காட்டு ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரத்தையும், மைனஸ் 40 முதல் 85 பாகை வரை 200 வெப்பச் சுழற்சிகளையும் கோருகிறது. 145 பாகையில் உறைந்த பசை 85 பாகைக்கு மீண்டும் சூடேறும்போது அதற்கு இன்னும் 60 பாகை அளவுக்குப் பிடிப்பு எஞ்சியிருக்கும். 110 பாகையில் உறைந்த பசைக்கு எஞ்சுவது 25 பாகை மட்டுமே. அதோடு நிற்பதில்லை. வழக்கமான எத்திலீன் வைனைல் அசிடேட்டில் குறுக்குப்பிணைப்பைத் தூண்டும் பெராக்சைடு 110 பாகையில் போதிய வேகத்தில் வினைபுரியாது, எனவே நீங்கள் குறுக்குப்பிணைப்பு இல்லாத பாலிஒலிஃபின் வகைக்குப் போக நேரிடும். பெரோவ்ஸ்கைட்டுக்கு அது நல்லதே, ஏனெனில் எத்திலீன் வைனைல் அசிடேட் ஈர வெப்பத்தில் அசிட்டிக் அமிலம் விடும் இயல்புடையது. ஆயினும் பிணைப்பற்ற நெகிழ்மம் 85 பாகையில் மெல்ல மெல்ல இளகி நழுவும். அந்த 25 பாகைப் பிடிப்பும் 1,000 மணி நேரத்தில் தளர்ந்துபோவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. அறையில் அளந்தபோது சிறப்பாக இருந்த தடை, வெப்பச் சோதனையில் திடீரென எகிறினால் அதன் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும்.

கோளத்தின் உள்ளகம் பற்றியும் ஒரு சொல். லேமினேட்டரின் ஒரு வளிமண்டல அழுத்தம் முழுவதையும் அந்த 0.04 விழுக்காட்டுத் தொடுபரப்பே தாங்குவதாகக் கொண்டால், அங்கே 250 மெகா பாஸ்கல் அழுத்தம் விழும். இது ஒரு மேல் வரம்பே, உண்மையில் பசையும் ஒரு பங்கைச் சுமக்கும். இருந்தும், ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள பெரோவ்ஸ்கைட்டும் அதன்மேல் எளிதில் முறியும் ஆக்சைடும் உள்ள இடத்தில் இதை அலட்சியம் செய்யலாகாது. கண்ணாடிக் கோளமோ திண்ம உலோகக் கோளமோ பயன்படுத்தாமல் அக்ரிலிக்கைத் தேர்ந்ததன் நியாயம் இதுதான்: அது ஏறத்தாழ 105 பாகையில் இளகத் தொடங்கி, தானே நசுங்கித் தொடுபரப்பை விரித்து அழுத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. 110 பாகையில் அந்த இளக்கம் தொடக்க நிலையிலேயே நின்றுவிடும். ஆக, குறைந்த வெப்பநிலை உங்களுக்குத் தொடுபரப்பையும் குறைக்கிறது, பிடிப்பையும் குறைக்கிறது.

என் பரிந்துரை, வெப்பத்தால் உறையும் நெகிழ்மத்தை விட்டு, வேதிவினையால் இறுகும் எப்பாக்சியை ஒரு மாற்றாகச் சோதித்துப் பார்ப்பது. அது இறுகும்போதே கன அளவில் சில விழுக்காடு சுருங்குவதால் குளிர்தலை நம்பியிராமலே பிடிப்பு கிடைக்கும். அதன் வெப்ப விரிவும் அக்ரிலிக்கின் விரிவை ஒட்டியே இருப்பதால் வெப்பச் சுழற்சியில் பிடிப்பு அதிகம் ஊசலாடாது. இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். அறை வெப்பநிலையில் இறுகிய எப்பாக்சி 85 பாகைக்கு முன்பே இளகிவிடக்கூடும், ஆகவே பின்னர் 90 அல்லது 100 பாகையில் அதைப் பதப்படுத்த வேண்டும். அமீன் வகை இறுக்கிகள் பெரோவ்ஸ்கைட்டைத் தாக்கும், எனவே ஆக்சைடு படலத்தில் துளைகள் இல்லாமலும் கலத்தின் ஓரங்கள் திறந்து கிடக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். புற ஊதாக் கதிரால் இறுகும் பசையைச் சிலர் பரிந்துரைக்கக்கூடும். மேல் கலமே அந்தக் கதிரை விழுங்கிவிடுவதாலும் கீழிருந்து சிலிக்கான் மறைப்பதாலும் அது இங்கே பயன்படாது.

பதில் 3
எழுதியவர்: பகுவிளிம்பு

இருவரும் மின்தடையையும் பிடிப்பையும் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். ஒளியைப் பற்றி யாரும் பேசவில்லை, எனக்கோ இந்தப் பசையின் பெரிய இழப்பு அங்கேதான் தெரிகிறது. துகள்களின் நிழல் 1 விழுக்காடுதான். நெகிழ்மத்தின் ஒளிவிலகல் எண் 1.49, அண்மை அகச்சிவப்புப் பகுதியில் சிலிக்கானின் எண் ஏறத்தாழ 3.6. சமதளப் பரப்பாக இருந்து நடுவே எதுவும் இல்லையென்றால், கீழ்க் கலத்துக்குச் செல்ல வேண்டிய ஒளியில் 17 விழுக்காடு அந்த ஒரே எல்லையில் திரும்பிவிடும். அலைநீளத்தோடு ஒப்பிட 50 மைக்ரோமீட்டர் மிகத் தடிமன் என்பதால், மெல்லிய படலங்களில் செய்வதுபோல் குறுக்கீட்டு விளைவைக் கொண்டு பசைப் படலத்தையே எதிரொளிப்புத் தடுப்பாக்க இயலாது. சிலிக்கான் மீதுள்ள ஆக்சைடு படலத்தை வெறும் கடத்தியாகக் கருதாமல் ஒளிப் படலமாகவும் வடிவமைக்க வேண்டும். விலகல் எண் 1.9 உள்ள ஆக்சைடை 1,000 நானோமீட்டர் ஒளிக்கேற்ப 130 நானோமீட்டர் தடிமனில் இட்டால் அந்த அலைநீளத்தில் இழப்பு 4 விழுக்காடாகும். பிரமிடுப் பரப்பு இருந்தால் ஒளி இரண்டு முறை மோதுவதால் இன்னும் குறையும், ஆனால் அப்போது கோளங்கள் பிரமிடு முனைகளை மட்டுமே தொடும் என்பதையும் முதல் பதிலின் கணக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரோவ்ஸ்கைட் பக்கம் இவ்வளவு கவலை இல்லை, அங்கே விலகல் எண்கள் 2.4, 2.0, 1.49 எனப் படிப்படியாக இறங்குகின்றன. காலியம் ஆர்சனைடு போன்ற மேல் கலங்களை ஒட்டுவோருக்கே இரு பக்கமும் இடர். ஜெர்மனியின் ஃப்ரௌன்ஹோஃபர் சூரிய ஆற்றல் ஆய்வு நிலையத்தினர் அத்தகைய கலங்களுக்கு டைட்டானியம் சார்ந்த சோல்-ஜெல் பசையை முயன்றதற்கு அதன் உயர்ந்த விலகல் எண்ணும் ஒரு காரணம்.

ஆக்சைடின் தடிமனைக் கூட்டினால் அதன் கட்டற்ற மின்னணுக்கள் 1,000 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை உறிஞ்சும். கீழ்க் கலம் நம்பியிருப்பது அந்த ஒளியைத்தான். எனவே மின்னணுச் செறிவு குறைந்தும் இயக்கம் மிகுந்தும் உள்ள ஆக்சைடைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மூடுகையை 1 விழுக்காட்டிலிருந்து 2 ஆக்கி, அதற்கு ஈடாக ஆக்சைடின் கடத்துதிறனைக் குறைத்துக்கொள்வதுகூடச் சில வடிவமைப்புகளில் ஆதாயமாக அமையும். தொடர் இணைப்பில் குறைந்த மின்னோட்டமுள்ள கலமே மொத்தத்தையும் கட்டுப்படுத்தும் என்பதால், கீழ்க் கலத்தின் இந்த இழப்பைக் கணக்கிட்ட பிறகே பெரோவ்ஸ்கைட்டின் தடிமனையும் பட்டை இடைவெளியையும் (அது ஒளியை உறிஞ்சத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலையும்) முடிவுசெய்யுங்கள்.

கேட்டவரின் தொடர் கேள்வி
எழுதியவர்: மென்படலம்

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. 110 பாகை பெரோவ்ஸ்கைட்டுக்குப் பாதுகாப்பானது என்பதோடு நிற்காமல், அது பிடிப்பை எவ்வாறு குறைக்கிறது என்று காட்டியது என் திட்டத்தின் வரிசையையே மாற்றிவிட்டது. எப்பாக்சியையும் நெகிழ்மத்தையும் அருகருகே வைத்துச் சோதிக்கப்போகிறேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. சார்பிட்டால் கலந்த பெடாட்:பி.எஸ்.எஸ். என்ற கடத்துப் பலபடியே பசையாகவும் இயங்கும் என்று படித்தேன். துகள்களே இல்லாத அந்த வழி எளிதல்லவா? அடுத்தது, முழுக் கலம் செய்வதற்கு முன்பே பக்கவாட்டுத் தடையையும் தொடுதடையையும் பிரித்து அளப்பது எப்படி?

பதில் 4
எழுதியவர்: இடைமுகம்

பெடாட்:பி.எஸ்.எஸ். வழி உண்மையிலேயே அழகானது. அது ஒளிபுகும் மின்பசையாக இயங்குவது 2006இலேயே காட்டப்பட்டது, 2019இல் அதைக் கொண்டு பெரோவ்ஸ்கைட்டையும் சிலிக்கானையும் ஒட்டிய இரு முனைக் கலம் 80 விழுக்காட்டு நிரப்புக் காரணியை (உச்சத் திறனுக்கும், திறந்த சுற்று மின்னழுத்தம், குறுஞ்சுற்று மின்னோட்டம் ஆகியவற்றின் பெருக்கலுக்கும் உள்ள விகிதத்தை) தொட்டது. சிறு பரப்பில் கொள்கையை நிறுவ வேண்டுமென்றால் தயங்காமல் பயன்படுத்துங்கள். நீடித்து உழைக்கும் தகடு உங்கள் இலக்கு என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன். அது அமிலத் தன்மை கொண்டது, ஈரத்தை உறிஞ்சுவது, அண்மை அகச்சிவப்பு ஒளியையும் ஓரளவு விழுங்குவது. படலம் மிக மெல்லியது என்பதால் ஒரு தூசுகூட இரு பரப்புகளையும் விலக்கி நிறுத்திவிடும். 50 மைக்ரோமீட்டர் பசை தூசையும் வேஃபரின் மேடுபள்ளத்தையும் தன்னுள் மூழ்கடித்துக்கொள்ளும், கோளங்களை நான் விரும்புவதற்கு அதுவே முதல் காரணம்.

அளவிடும் முறைக்கு வருகிறேன். கலம் எதுவும் இல்லாமல், ஆக்சைடு பூசிய இரு கண்ணாடிகளுக்கு இடையே பசையை வைத்து ஒட்டுங்கள். சதுரத்துக்கு 10 ஓம் அளவுள்ள நல்ல கடத்துப் படலத்தில் ஒரு தொகுதியும், 100 ஓம் அளவில் மற்றொரு தொகுதியும், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு துகள் மூடுகைகளும் இருக்கட்டும். கண்ணாடியின் முகப்பே நீண்ட பாதையாகி அளவீட்டைக் கெடுக்கும் என்பதால் ஒட்டும் பரப்பைச் சில மில்லிமீட்டர் சதுரத்துக்குள் வைத்துக்கொண்டு, நான்கு முனை இணைப்பில் அளந்திடுங்கள். துகள் எண்ணிக்கைக்கு நேர்மாறாகக் குறையும் பங்கு தொடுதடை. படலத் தடைக்கு நேர்விகிதமாக மாறும் பங்கு பக்கவாட்டுத் தடை. இரு தொகுதிகளையும் ஒப்பிட்டாலே இரண்டும் பிரிந்துவிடும். கண்ணாடி வழியே நுண்ணோக்கியில் பார்த்துக் கோளங்களின் தொடு வட்டத்தையும் நேரடியாக அளக்கலாம். வெள்ளி ஓடு விரிசல் விட்டிருந்தால் அதுவும் அப்போதே கண்ணில் படும்.

அதே மாதிரிகளை வெப்பமேடையில் வைத்து, 25 பாகையிலிருந்து 85 வரை மெல்ல உயர்த்தியபடியே தடையைத் தொடர்ந்து பதிவுசெய்யுங்கள். நெகிழ்பொருள் எழுதியது சரியென்றால், 145 பாகையில் ஒட்டியதும் 110 பாகையில் ஒட்டியதும் அந்த வரைகோட்டிலேயே வேறுபட்டு நிற்கும், 1,000 மணி நேரம் காத்திருக்கத் தேவையிராது. பெரோவ்ஸ்கைட்டைச் சேர்க்கும் கட்டத்துக்கு வந்தபின், ஒட்டிய கலத்தை மின்னொளிர்வுப் படமெடுங்கள், தொடர்பற்ற பகுதிகள் அதில் இருண்டு தெரியும். அப்போது இன்னொன்றையும் கண்காணிக்க வேண்டும்: ஆக்சைடில் துளை இருந்தால் பெரோவ்ஸ்கைட்டின் அயோடைடு வெள்ளியோடு வினைபுரிந்து வெள்ளி அயோடைடாகும், கோளத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் தோன்றினால் அந்த மாதிரியின் தடை அளவீட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.